நாலு ரூமுக்கு ஒரு முகடு

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக நான் வேலை பார்த்த நிதி ஆபீசுக்குப் போயிருந்தேன். எல்லாம் புது முகங்கள். என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையன் வாடகை வீடு கட்டக் கேட்டிருந்த ஒரு மனுவை மடமடவென்று முடித்துக்கொண்டிருந்தான். "இடத்தைப் போய்ப் பார்த்தியாப்பா?" என்றேன். "எதுக்கு சார், ப்ளான்தான் இருக்கே" என்றான். வந்த கோபத்தைக் காபியோடு சேர்த்து விழுங்கினேன். அவன் நல்ல பிள்ளை. "உங்க காலத்துல வாடகைக்கு விடற வீட்டுக்கெல்லாம் கடன் குடுத்தீங்களா சார்?" என்று ஆசையாகத்தான் கேட்டான். நான் சொல்ல ஆரம்பித்தேன், நாலு பேர் கூடினார்கள், மேனேஜர் வந்து கூட்டத்தைக் கலைத்துவிட்டார். தொண்டையில் நின்றுபோனதை எழுதியாவது தீர்த்துக்கொள்கிறேன்.

நான் கொத்தனார் மகன். எட்டாவது வரை படித்தேன், அப்பாவோடு சாந்துச்சட்டி தூக்கினேன், பிறகு தருமபுரியில் அந்தச் சின்ன நிதியில் மதிப்புக் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கடன் கேட்கிறவரின் வீடு எவ்வளவு பெறும் என்று பார்த்துவந்து எழுதவேண்டும், அவ்வளவுதான் வேலை. முப்பதுகளின் நடுவில் சேர்ந்தவன், நாடு சுதந்திரமானபோதும் அதே மேஜைதான்.

எங்கள் செக்ரட்டரி ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. வக்கீலுக்குப் படித்துவிட்டுக் கோர்ட்டில் கத்தப் பிடிக்காமல் எங்களிடம் வந்தவர். கடன் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் உட்காரவைத்துத்தான் பேசுவார். காடுகழனியில் வேலை செய்கிறவர்கள் கூச்சப்பட்டுத் தரையில் உட்காரப்போனால், "அப்ப நானும் கீழ உக்காரணுமா?" என்பார். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், தூங்கிவிட்டார் என்றே தோன்றும். எல்லாம் முடிந்த பிறகு, முதலில் போகிறபோக்கில் சொன்ன ஒன்றைப் பிடித்துக் கேள்வி கேட்பார். எங்களிடம் சந்தோஷமாக இருந்தால் 'டேய்'. கோபம் வந்தால் 'வாங்க, போங்க'. "என்னங்க, ரிப்போர்ட்டு எழுதிட்டீங்களா?" என்று ஒருநாள் காலையில் கேட்டார் பாருங்கள், எனக்கு அன்றைக்கு மத்தியானம் சோறு இறங்கவில்லை.

அந்தக் காலத்தில் வாடகைக்கு வீடு கட்டுகிறவனை எங்கள் பக்கத்தில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். கையில் நாலு காசு சேர்ந்தால் எவனும் காடுகழனி வாங்குவான், கிணறு வெட்டுவான். "வூட்டைக் கட்டி ஊரான் கையில குடுப்பாங்களா?" என்று சிரிப்பார்கள். ரயில் போகிற ஊர்களில்தான் அந்த எண்ணம் மாறியது. மொரப்பூரில் ஸ்டேஷன் ஆட்கள், புளி மண்டிக்காரர்கள், சித்தேரி மலையிலிருந்து இறங்குகிற கடுக்காயையும் தேனையும் வாங்கி அனுப்புகிறவர்கள் என்று சொந்த வீடில்லாத ஜனம் வந்துகொண்டே இருந்தது. அவர்களுக்குப் படுக்க ஒரு இடம் வேண்டுமே.

வாடகை வீட்டை மதிப்பிடச் செக்ரட்டரி ஐயா எனக்கு ஒரு முறை பழக்கியிருந்தார். முதலில் காகிதம். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் தீர்வை ரசீதும் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றனவா என்று பார்க்கவேண்டும். அப்புறம் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போகவேண்டும். போனதும் வீட்டுக்காரரிடம் போகக்கூடாது, நாலு எல்லையிலும் இருக்கிற அண்டை வீட்டாரிடம் போகவேண்டும். வேலித் தகராறு ஏதாவது இருந்தால் நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர்கள் கொட்டிவிடுவார்கள். பிறகு சுவரைத் தட்டிப் பார்க்கவேண்டும், அடியில் உப்புப் பூத்திருக்கிறதா, கறையான் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். கோடையில் கிணற்றுத் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஆண்களைக் கேட்டுப் பிரயோசனமில்லை, கயிறு இழுக்கிற பெண்களைக் கேட்கவேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில், யார் குடியிருக்கிறார்கள், மாதாமாதம் வாடகை வருகிறதா என்பது. "நெலத்துக்கு மகசூல் மாதிரி வூட்டுக்கு வாடகைடா. அது இல்லாம சுவரை மட்டும் வச்சுக்கிட்டு நாம என்ன பண்றது?" என்பார்.

கம்பைநல்லூரில் ஒரு வியாபாரி ஆறு வீடு கட்டி ஆறிலும் குடித்தனம் இருப்பதாக எழுதிக்கொடுத்திருந்தார். நான் வருவது எப்படியோ தெரிந்துவிட்டது. போனேன், ஆறு வீட்டு வாசலிலும் கோலம், கொடியில் துணி, குழந்தைகள் ஓடுகின்றன. அடடா என்று நினைத்துக்கொண்டே ஒரு வீட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பில் ஒரு பொட்டுக் கரி இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. "ஏம்மா, சோறு எங்க ஆக்கறீங்க?" என்று கேட்டதும் அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். "எங்க அண்ணன் வூட்டுலதாங்க. இன்னிக்கு மட்டும் வந்து உக்காரச் சொன்னாருங்க" என்றாள். எல்லாரும் அவருடைய தங்கச்சிகளும் மச்சினிகளும்தான். செக்ரட்டரி ஐயா அதைக் கேட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து குடித்தனக்காரர் விஷயத்தில் எங்கள் இரண்டு பேருக்குமே சந்தேகம் ஜாஸ்தி.

இனி மாதம்மாக்கா. மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் இட்லிக்கடை வைத்திருந்தவர். அப்போது தருமபுரிக்கும் மொரப்பூருக்கும் நடுவே சின்ன ரயில் ஓடிற்று, உலகச் சண்டை வந்த சமயத்தில்தான் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்த ரயிலில் இறங்கினால் நான் நேராக மாதம்மாக்கா கடைக்குத்தான் போவேன். புருஷன் ரயில்வேயில் வேலை பார்த்துக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகுட்டி இல்லை. அவர் வாங்கிப்போட்டிருந்த மனை மட்டும் இருந்தது.

அந்த மனையில் அக்கா செய்த வேலையைக் கேட்டால் இந்தக் காலத்துப் பையன்கள்கூட அசந்துபோவார்கள். ஏலச்சீட்டு எடுத்து ஒரு ரூம் கட்டினார். அதை வாடகைக்கு விடவில்லை, போக்கியத்துக்கு விட்டார். வருகிறவர் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பார். அவருக்கு வாடகை கிடையாது, இவருக்கு வட்டி கிடையாது. கெடு முடிந்தால் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகையில் அக்கா இரண்டாவது ரூமைக் கட்டினார். அதையும் போக்கியத்துக்கு விட்டு மூன்றாவது, அதை விட்டு நாலாவது. செலவு மிச்சமாகட்டும் என்று நாலையும் ஒட்டி ஒட்டிக் கட்டி, நாலும் முடிந்ததும் பழைய கீற்றைப் பிரித்துவிட்டு ஒரே நீளமான பனைமரத்தை முகட்டில் போட்டு ஓடு வேய்ந்துவிட்டார். ஊரே மூக்கில் விரல் வைத்தது.

"ஏங்க்கா, நாலு ரூம் இருக்குது, மாசம் ஒரு ரூபா வாடகை வரலியே" என்று ஒருநாள் இட்லி தின்றுகொண்டே கேட்டேன்.

"வட்டி கட்டறனா தம்பி? இல்லியே. ஒருத்தரு போனா வர்றவரு பணத்தைத் தூக்கிப் போறவருகிட்ட குடுத்துட்டா முடிஞ்சுது. நீ சட்னி ஊத்திக்கோ."

ஒவ்வொருத்தராகப் போனால் அக்கா சொன்னது சரிதான். நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தால்தான் வம்பு. அப்படி ஏன் எழுந்திருக்கப்போகிறார்கள் என்று நானும் அதற்குமேல் பேசவில்லை.

முதல் ரூமில் இருந்தவர் சின்னசாமி என்கிற தையல்காரர். கடத்தூர்ப் பக்கத்துக்காரர். சம்சாரத்தை ஊரில் அப்பா அம்மாவோடு விட்டுவிட்டு, இங்கே மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டு அங்கேயே படுத்துக்கொள்வார். வாரம் ஒருமுறை ஊருக்குப் போய்வருவார். ஒரு ஐப்பசி மாதம், காலையில் வயிற்றுவலி என்று படுத்தவர் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். முப்பது வயசுகூட இருக்காது. பாவம், மாதம்மாக்காதான் கடைசியில் வாயில் தண்ணீர் ஊற்றினார்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு நட்சத்திரம் அவிட்டம். அந்த நட்சத்திரத்தில் ஒருவர் இறந்தால் வீட்டை ஆறு மாதம் அடைத்துப்போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அடைப்பு என்பார்கள். பிணத்தைக்கூட வாசல் வழியாக எடுக்கமாட்டார்கள். சின்னசாமியைப் பின்சுவரை உடைத்து அந்த வழியாகத்தான் எடுத்துப்போனார்கள். செத்தவரின் ஆவி அங்கேயே வந்து வந்து போகும், துணைக்கு ஆள் கூப்பிடும் என்று பயம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் இந்த ஒரு விஷயத்தில் நடுங்கினார்கள்.

மற்ற மூன்று ரூம்காரர்களும் மாதம்மாக்கா கடைக்கு வந்து நின்றார்கள். மூன்று பேருக்கும் வாய் ஒருவர்தான், புளி மண்டிக் கணக்கப்பிள்ளை. "ஒரே கூரைங்க அக்கா. அடைப்பு வூட்டுல புள்ளைகுட்டிய வச்சுக்கிட்டு எப்படிங்க இருக்கறது? எங்க பணத்தைக் குடுத்துடுங்க, நாங்க கெளம்பறோம்" என்றார். சின்னசாமியின் அப்பாவும் மகன் கொடுத்த தொகையைக் கேட்டு ஆள் அனுப்பினார். பணம் எங்கே இருக்கிறது? எல்லாம் சுவராக நிற்கிறது. புதிதாகக் குடிவரவும் ஒருத்தர் தயாரில்லை. இதற்குள் மண்டி முதலாளி, நாலு பேர் பணத்தையும் தானே கொடுத்துத் தீர்ப்பதாகவும், தை பிறப்பதற்குள் மனையையும் ரூம்களையும் தன் பெயருக்கு எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். அப்படிச் செய்தால் அக்காவுக்கு மிஞ்சுவது இட்லிச்சட்டி மட்டும்தான்.

அக்கா எங்கள் ஆபீசுக்கு வந்தார். செக்ரட்டரி ஐயா கண்ணை மூடிக்கொண்டு முழுதும் கேட்டார்.

"ஏம்மா, எங்ககிட்ட கடன் வாங்குனா மாசாமாசம் தவணை கட்டணுமே. எதுலருந்து கட்டுவீங்க?"

"இட்லிக்கடை இருக்குதுங்களே."

"அது உங்க வயித்துக்கு. ரூமுலருந்து என்ன வருது?"

"ஒண்ணும் வரலீங்க" என்றார் அக்கா.

"மனையை எழுதி வாங்கிக்கிட்டு இன்னிக்கே பணம் குடுத்துடலாம்மா. தவணை நின்னா நாளைக்கு நானே வந்து ஏலம் போடணும். அதுக்கு அந்த மண்டிக்காரரே தேவலையே. இந்தப் பையன் வந்து பாப்பான். மூணு பேரும் இருக்கறதா சம்மதிச்சு, ஒரு ரூமுக்காவது மாச வாடகை குடுக்கற ஆள் வந்துட்டா, செத்தவரு பணத்தைத் திருப்பிக் குடுக்க நான் கடன் போடறேன்."

வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "காலியா இருக்கறது அந்த ஒரு ரூமுதான தம்பி. அதுல யாரு வந்து இருப்பாங்க?" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாள் மொரப்பூர் போனேன். ரூம்களைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்சுவரில் உடைத்த இடத்தை மண்கல் வைத்து அடைத்திருந்தார்கள், இன்னும் ஈரம். சுவரெல்லாம் திடமாக இருந்தது. ஓடுகளைக் கொஞ்சம் தள்ளிவிட்டு மேலே ஏறி முகட்டைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. பஞ்சாங்கம் சொல்கிற ஐயரிடம் போனேன். "சாமி, அடைப்பு வூட்டுக்குத்தான? எது வரைக்கும் ஒரு வூடு?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். "ஒரே முகடு ஓடுனா ஒரே வூடு. முகடு பிரிஞ்சா வூடு பிரிஞ்சுது" என்றார்.

கணக்கப்பிள்ளையையும் மற்ற இரண்டு பேரையும் ஐயர் வாயாலேயே அதைக் கேட்கவைத்தேன். பிறகு ஒரு கொத்தனாரையும் ஆசாரியையும் பிடித்தோம். முதல் ரூமுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருக்கிற சுவருக்கு மேலேயே பனைமரத்தை அறுத்தோம். இரண்டு துண்டும் சுவரின்மேல் தாங்கி நிற்கும், கூரைக்கு ஒன்றும் ஆகாது. அப்பாவோடு சாந்து சுமந்தது வீண்போகவில்லை. அந்தச் சுவரை ஓட்டுக்கு மேலே இரண்டு முழம் தூக்கிக் கட்டினோம். முதல் ரூம் தனியாகவும் மூன்று ரூம் தனியாகவும் ஆகிவிட்டது. மரத்தை அறுக்கும்போது கணக்கப்பிள்ளை கீழே நின்று, முழுசாக அறுந்ததா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அறுந்து முடிந்ததும், "செரிங்க, நாங்க இருந்துக்கறோம்" என்றார். கூலியை அக்கா இட்லிக் காசில் கொடுத்தார். மண்டி முதலாளிக்கு முகம் சுண்டிப்போனது என்று கேள்வி.

மூன்று பேர் அடங்கினார்கள். சின்னசாமி இருந்த முதல் ரூம்தான் பாக்கி. அந்த ரூமில் மாத வாடகைக்கு ஆள் வரவேண்டும். நானும் ஸ்டேஷனில், கடைவீதியில், மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிவைத்தேன். பாதி வாடகைக்குத் தருகிறோம் என்றுகூடச் சொன்னோம். மலையாள் ஒருவர், "சும்மா குடுத்தாலும் வேண்டாங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். கார்த்திகை முடிந்து மார்கழி வந்துவிட்டது. மார்கழியில் நல்ல வீட்டுக்கே யாரும் குடிபோகமாட்டார்கள்.

அப்போதுதான் சின்னசாமியின் அப்பா மருமகளையும் கூட்டிக்கொண்டு நேரிலேயே வந்தார். பணத்துக்கு ஒரு முடிவு தெரியவேண்டும், தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றிப் போகவேண்டும் என்றார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். மருமகள் பெயர் காவேரி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசிருக்கும். மாமனாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா பூட்டைத் திறந்தார். உள்ளே போய் மிஷினைத் தூக்க யாரும் வரவில்லை. வண்டிக்காரர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார். மாமனார் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். எனக்கும், சும்மா சொல்லக்கூடாது, கால் வரவில்லை. காவேரி எங்களைத் தாண்டி நேராக உள்ளே போனாள்.

போனவள் வரவில்லை. அக்கா கூப்பிட்டுப் பார்த்தார். திடீரென்று உள்ளே மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கணக்கப்பிள்ளை ரோட்டுக்கே ஓடிவிட்டார். நானும் அக்காவும் வாசலில் நின்று எட்டிப் பார்த்தோம். ஊசிக்கடியில் பாதி தைத்த சட்டை ஒன்று அப்படியே கிடந்திருக்கிறது. புருஷன் தையல் பழக்கியிருப்பார் போல, அவள் உட்கார்ந்து அந்தச் சட்டையின் இன்னொரு கையை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். முடித்து, நூலைப் பல்லால் கடித்து, சட்டையை உதறி மடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"யாருதுங்க இது?"

"ஸ்டேஷன் கூட்ஸ் கிளார்க்கோடதும்மா" என்றார் அக்கா.

"கூலி வாங்கிக் குடுத்துடுங்க." பிறகு மாமனாரைப் பார்த்து, "அவரு பணத்தை நீங்களே வாங்கிக்கங்க மாமா. மிஷின் மட்டும் எனக்கு இருக்கட்டும். இந்த ரூமுக்கு மாச வாடகை எவ்ளோன்னு கேட்டுச் சொல்லுங்க. நான் இங்கியே இருக்கறேன்" என்றாள்.

மாமனார் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். ஊர் என்ன பேசும் என்றார். தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆகவில்லையே என்றார். அவள் எதிர்த்துப் பேசவில்லை, வண்டியிலும் ஏறவில்லை. கடைசியில் அவர் அக்காவிடம், "பாத்துக்கங்க தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டச் சொன்னார். அவரும் மகனைப் பறிகொடுத்தவர்தானே, அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு வாரம் விட்டு, அவளுக்குத் தையல் வர ஆரம்பித்ததும் ஓடிப்போய் ரிப்போர்ட் எழுதினேன். மாதம் மூன்று ரூபாய் வாடகை, குடியிருப்பவர் பெண்பிள்ளை, ரவிக்கையும் குழந்தைத் துணியும் தைத்துச் சம்பாதிக்கிறார் என்று. செக்ரட்டரி ஐயா படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடைப்பு ரூமுல, மார்கழி மாசத்துல, அறுத்தவ ஒருத்தி வாடகைக்கு வந்திருக்காளா? கம்பைநல்லூர்க் கதையா இருக்குதே. என்னங்க, நீங்களும் சேந்து ஆள் புடிச்சு உக்கார வச்சிருக்கீங்களா?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்காலியை விட்டு அசையாத மனுஷன், மறுநாள் என்னோடு சின்ன ரயிலில் ஏறினார்.

போனதும் அவரும் அண்டை வீட்டாரைத்தான் முதலில் கேட்டார். பிறகு அந்த ரூமுக்குள் நுழைந்தார். அடுப்பைக் குனிந்து பார்த்தார், நல்ல கரி. கொடியில் தைத்து முடித்த ரவிக்கைகள் தொங்கின. காவேரி மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள். மாதம்மாக்கா வாசலில் முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயா என்ன சொல்கிறாரோ அதில்தான் அவருடைய நாலு ரூமும் இருந்தது.

"உக்காரும்மா. கடன் வர்ற வரைக்கும் இருந்துட்டு அப்பறம் ஊருக்குப் போயிருவியா?"

"இல்லீங்க. இங்கதாங்க இருப்பேன்."

"மாமனாரு வூட்டுல சோத்துக்குக் கஷ்டமா? யாராவது திட்டறாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க. நல்லாத்தான் பாத்துக்கறாங்க."

"அப்பறம் ஏம்மா? ஊரே பயப்படற எடத்துல ஒத்தையில இருக்கறேங்கிற. இங்க அவரு வந்து வந்து போவாருன்னு சொல்றாங்க, உனக்குத் தெரியுமில்ல?"

காவேரி மிஷின் சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எங்க ஊருல எல்லாரும் அவரு செத்துப்போயிட்டாருன்னுதாங்க சொல்றாங்க. இந்த ஊருலதாங்க வருவாருங்கறாங்க."

செக்ரட்டரி ஐயா என் கையிலிருந்து மாதம்மாக்காவின் மனுவை வாங்கி, அந்த மிஷின் பலகைமேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.